யாரைத் திட்டுவது, மாஸ்டர்?

நர்ஸுக்குக் கோபம் வந்தால்தான் கார் ஒழுங்காக ஓடும் என்பதைக் கண்டுபிடித்தவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். கண்டுபிடித்த நேரத்தில் அவரும் கோபத்தில் இருந்ததால், அது எவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு என்பது அவருக்கு உடனே உறைக்கவில்லை.

அதற்கு முன் அவள் வேறொரு பள்ளியில் படித்து, டெஸ்ட்டில் இரண்டு முறை தோற்றிருந்தாள். அங்கே சொல்லிக்கொடுத்தவர் தங்கமான மனிதர். "பரவாயில்லம்மா, மெதுவா, மெதுவா" என்பார். அவர் மெதுவா என்று சொல்லச் சொல்ல அவளுக்குப் பதற்றம் ஏறும். கியர் மாற்றும்போது கண் தானாகக் கீழே போகும். கண் கீழே போனால் கார் ஓரத்துக்குப் போகும். இருட்டு வார்டில் விரலால் தடவியே நரம்பைக் கண்டுபிடித்து ஊசி போடுகிறவள், பட்டப்பகலில் கியர் கம்பியைத் தேடித் தடுமாறினாள்.

ஆனால் ஓட்டியே ஆக வேண்டிய கட்டாயம் அவளுக்கு. மருத்துவமனையில் வருடக்கணக்காக இரவு ஷிப்ட். பகலில் அவள் தூங்க வேண்டுமே என்று வீட்டில் எல்லோரும் கிசுகிசுத்தே பேசுவார்கள். அந்தப் பழக்கம் மகளுக்கு எலும்பில் ஊறிவிட்டது. பள்ளிக்கூடத்திலும் கிசுகிசுக்கிறாள், பதில் தெரிந்து எழுந்து நின்றாலும் முன்வரிசைக்குக்கூடக் கேட்பதில்லை என்று டீச்சர் சொல்லி அனுப்பியிருந்தாள். அதைக் கேட்ட அன்றே நர்ஸ் தலைமை நர்ஸின் மேஜைக்கு முன் போய் நின்றாள். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் குழுவில் ஓர் இடம் காலியாக இருந்தது. பகல் வேலை. மருத்துவமனைக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு போக வேண்டும்.

"லைசென்ஸோட வா, இடம் உனக்குத்தான்," என்றாள் தலைமை நர்ஸ். "ஆனா இந்த மாசம் தாண்டினா பிசியோதெரபிக்காரனுக்குப் போயிடும். அவன் இப்பவே சாவியை விரல்ல சுத்திக்கிட்டுத் திரியறான்."

அப்படித்தான் அவள் மாஸ்டரிடம் வந்து சேர்ந்தாள். மாஸ்டர் பருத்த ஆள். கழுத்தைச் சுற்றி எப்போதும் ஒரு கைக்குட்டை. அவருடைய காரில் நசுங்காத பக்கம் என்று ஒன்று கிடையாது. கற்றுக்கொள்கிறவர்களின் வண்டி என்பதால் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. பின்கண்ணாடியில் கான்ட்ராக்டரின் படம் ஒட்டியிருந்தது.

தேர்தல் நேரம் அது. தொகுதியில் இரண்டு பேர் மோதினார்கள். ஒருவர் இந்தக் கான்ட்ராக்டர். இன்னொருவர் வக்கீல். மாஸ்டர் கான்ட்ராக்டர் பக்கம். கற்றுக்கொள்கிறவர்களை வைத்து வண்டியை முன்னும் பின்னும் எடுத்துப் பழக்க இடமில்லாமல் அவர் அலைந்த காலத்தில், கான்ட்ராக்டர் தன் கிடங்குக்குப் பின்னாலிருந்த காலி மனையைத் திறந்துவிட்டார். நர்ஸ் வக்கீல் பக்கம். நர்ஸுகளின் ஓய்வறைக் கூரை ஒழுகியபோது அவர் மருத்துவமனைக்கு வந்து ஒரு சத்தம் போட்டார், ஒழுகல் நின்றது. இருவருக்கும் கட்சி பிறந்தது அவ்வளவில்தான். மற்ற காரணங்களையெல்லாம் எல்லோரையும் போல இவர்களும் பிற்பாடுதான் சேர்த்துக்கொண்டார்கள்.

முதல் நாள் பாடத்தில் வண்டி சந்தைத் தெருவில் முதல் கியரில் முனகிக்கொண்டு போனது. சிக்னல் ஓரத்தில், மூன்று மாடி உயரத்துக்குக் கான்ட்ராக்டர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இந்த மூஞ்சியா?" என்று நர்ஸ் வாய்தவறிச் சொல்லிவிட்டாள்.

"ஏன் சிஸ்டர், இந்த மூஞ்சிக்கு என்ன?"

"பாலம் கட்டின மூஞ்சியாச்சே."

"கான்ட்ராக்டர்னா பாலம் கட்டத்தான் செய்வார். பாயசமா கிண்டுவார்?"

"கட்டி, ரிப்பன் வெட்டி, ஒரே வாரத்துல விரிசல்னு இழுத்து மூடினாரே, அதைச் சொல்றேன்."

"ஒரு வாரமா? பத்து நாள் சிஸ்டர்! முழுசா பத்து நாள் ஓடிச்சு. தெரியாம பேசக் கூடாது." சொல்லும்போதே மாஸ்டரின் கால் தன்னையறியாமல் அவர் பக்கத்து பிரேக்கை மிதித்துவிட்டது. வண்டி குலுங்கியது. "உங்க வக்கீல் மட்டும்? கவுன்சிலரா இருந்தப்ப, சாக்கடை எப்படிக் கட்டறதுன்னு பாத்துட்டு வரேன்னு சர்க்கார் செலவுல வெளிநாடு போனாரே. சாக்கடை பாக்க மாமியாரை எதுக்குக் கூட்டிட்டுப் போனார்?"

"மாமியார் தன் சொந்தச் செலவுல போனாங்க."

"சரி, பாத்துட்டு வந்தாரில்ல? மழை பெய்ஞ்சா அவர் வீட்டு வாசல்லதான் முழங்கால் தண்ணி நிக்குது. என்னத்தைப் பாத்தார்?"

"வாசல்ல தண்ணி நிக்குதுன்னா அவர் தனக்காக எதையும் பண்ணிக்கலன்னு அர்த்தம்!"

மாஸ்டர் திருப்பிச் சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று வெளியே பார்த்தார். சந்தைத் தெரு முடிந்து, தபால் அலுவலகமும் தாண்டி, வண்டி மரங்கள் நிறைந்த சாலையில் வழுக்கிக்கொண்டு போவதைக் கண்டார். பின்னால் ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை.

"சிஸ்டர், மூணாவது கியர் யார் போட்டது?"

"நீங்கதானே?"

"நான் போடல."

நர்ஸ் கீழே குனிந்து கியரைப் பார்த்தாள். உடனே கார் ஓரத்துக்குப் போய் நின்று, அணைந்தது.

அன்றிலிருந்து பாடம் அந்த வழியிலேயே நடந்தது. இருவரும் பேசி வைத்துக்கொண்டு செய்யவில்லை. திட்டம் போட்டிருந்தால் இவ்வளவு கச்சிதமாக வந்திருக்காது. கிளம்பும்போது கான்ட்ராக்டரின் பாலம். இரண்டாவது கியருக்கு வக்கீலின் வெளிநாட்டுப் பயணம். வளைவுக்கு, வக்கீலின் மைத்துனருக்கு விளையாட்டு மைதானத்தில் புல் வளர்க்கும் வேலை கிடைத்த கதை. ரிவர்ஸில் போக, கான்ட்ராக்டர் இதற்கு முன் இருந்த கட்சிகள். அவை நிறைய இருந்ததால் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் பின்னால் போகலாம்.

மாஸ்டர் காலையில் பேப்பரைப் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்துவிட்டு வந்தார். நர்ஸ் வார்டில் மருந்து கொடுத்த கையோடு நோயாளிகளிடம் விவரம் சேகரித்தாள். கால்கட்டுடன் படுத்திருந்த ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் இரண்டு கட்சிக்கும் பாரபட்சமில்லாமல் விஷயம் கொடுத்தார்.

"டிரைவிங் கத்துக்கப் போறியா, சண்டை போடப் போறியா?" என்று கேட்டார் அவள் வீட்டுக்காரர், கிசுகிசுப்பாக.

"ரெண்டும் ஒண்ணுதான். நீங்க தூங்குங்க."

எல்லாச் சண்டையும் கடைசியில் ஒரே ஆளிடம் போய் முடியும். அவன் மீன்தொட்டிக்காரன். சந்தைத் தெருவில் ஃபைனான்ஸ் கம்பெனி வைத்து, வாசலில் பெரிய கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்த்து, ஒரு நாள் மீன்களை மட்டும் விட்டுவிட்டு ஓடிப்போனவன். அவனுடைய கம்பெனித் திறப்புவிழாவில், அவன் தோளில் கைபோட்டுக்கொண்டு கான்ட்ராக்டர் எடுத்துக்கொண்ட படம் ஊரெல்லாம் சுற்றியது. வக்கீலுக்கு அது பெரிய ஆயுதமாக இருந்திருக்கும். ஆனால் மீன்தொட்டிக்காரனை முதல் தடவை போலீஸ் பிடித்தபோது அவனுக்கு ஜாமீன் வாங்கிக் கொடுத்ததே வக்கீல்தான். வெளியே வந்த பிறகுதான் அவன் நிம்மதியாக ஓடினான்.

"தோள்ல கை போட்டா கூட்டாளியா?" என்பார் மாஸ்டர். "நான் தினமும் உங்க பக்கத்துலதான் உக்காந்திருக்கேன். நான் என்ன நர்ஸா?"

"ஜாமீன் கேக்கறது அவர் தொழில் மாஸ்டர். நாளைக்கு இந்த வண்டி யாரையாவது இடிச்சா உங்களுக்கும் ஒரு வக்கீல் வேணும்."

"நான் ஏன் இடிக்கறேன்? இடிக்கப்போறது நீங்க."

"அப்ப எனக்கு வேணும். நல்ல வக்கீலா ஒருத்தர் தெரியும்."

மாஸ்டர் பிரேக்கை மிதித்தார்.

இதில் கடினமான பாடத்தை மாஸ்டர் வேண்டுமென்றே அந்தப் பாலத்தில்தான் வைத்துக்கொண்டார். மூடிய பாலத்தைச் சரிபண்ணித் திறந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனால் ஏற்றம் செங்குத்து. நடுமேட்டில் வண்டியை நிறுத்தி, பின்னால் ஓர் அங்குலமும் உருளாமல் எடுக்க வேண்டும். கிளட்ச்சை விட விட இஞ்சின் உறுமல் மாறும். அந்த நொடியில் கை பிரேக்கை எடுக்க வேண்டும். முன்னால் எடுத்தால் உருளும், பின்னால் எடுத்தால் அணையும். டெஸ்ட்டில் அவள் இரண்டு முறையும் விழுந்தது இங்கேதான்.

"இப்படி ஒரு மேடு எந்த ஊர்லயும் கிடையாது," என்பார் மாஸ்டர் பெருமையோடு. "யோசிச்சுத்தான் கட்டியிருக்கார்."

"மூட்டைக்குக் கணக்குப் பாத்து சிமெண்ட்டைக் குறைச்சவரு மேட்டுக்கு யோசிச்சாரா?"

"யாரு குறைச்சது? கோர்ட்ல நிரூபிச்சாங்களா?"

"கோர்ட்ல நிரூபிக்கணும்னா அதுக்கும் ஒரு வக்கீல் வேணும்ல?"

இந்த வாக்கியம் முடிவதற்குள் வண்டி மேட்டின் உச்சியில் இருக்கும். ஒரு முறைகூட உருண்டதில்லை.

டெஸ்ட் மாதக் கடைசியில் வந்தது. அன்று காலை ஷிப்ட் முடிந்து கை கழுவிக்கொண்டிருந்த நர்ஸைக் கால்கட்டுத் தாசில்தார் கூப்பிட்டார். அவர் குரலில் ஒரு சாவுச்செய்தியின் மரியாதை இருந்தது.

"சிஸ்டர், கொஞ்சம் டி.வி.யைப் பாருங்க. உங்க ஆளு தாவிட்டார்."

நர்ஸ் பார்த்தாள். வக்கீல் போட்டியிலிருந்து விலகிவிட்டார். விலகியதோடு நிற்காமல் கான்ட்ராக்டரின் கட்சியிலேயே சேர்ந்துவிட்டார். தொகுதி நலனுக்காகப் பழைய கசப்புகளை மறந்துவிட்டதாகச் சொன்னார். கசப்பே இருந்ததில்லை, பத்திரிகைக்காரர்கள்தான் கிளப்பிவிட்டார்கள் என்றார் கான்ட்ராக்டர். சொல்லிவிட்டு வக்கீலின் தோளில் கை போட்டார்.

"ஓய்வறைக்கு மறுபடியும் கூரை ஒழுகினா யார்கிட்ட போவேன்?" என்றாள் நர்ஸ். யாரைப் பார்த்துச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

மருத்துவமனை வாசலில் மாஸ்டர் காருடன் காத்திருந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. வாரக்கணக்காக வக்கீலை அவர் பேசாத பேச்சில்லை. இன்றைக்கு அதே வக்கீல் அவருடைய கட்சியின் துணைத்தலைவர். பின்கண்ணாடியில் கான்ட்ராக்டர் மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல் சிரித்துக்கொண்டிருந்தார்.

"கிளம்பலாமா சிஸ்டர்?"

"கிளம்பலாம் மாஸ்டர்."

வண்டி கிளம்பவில்லை. ஒரு துள்ளு துள்ளி அணைந்தது. மறுபடி சாவியைத் திருப்பினாள், மறுபடி அணைந்தது. கண் கியருக்குப் போய்விட்டது. பழைய பள்ளியின் தங்கமான மனிதர் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவா, மெதுவா என்பதுபோல் இருந்தது அவளுக்கு.

மாஸ்டருக்கு அப்போதுதான் உறைத்தது. கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சிஸ்டர், திட்டுங்க."

"யாரைத் திட்டறது, மாஸ்டர்?"

இருவரும் முன்கண்ணாடி வழியாக மருத்துவமனைச் சுவரைப் பார்த்தார்கள். சுவரில் வக்கீலின் சுவரொட்டி. அதில் கான்ட்ராக்டருக்கு ஏழு கேள்விகள் பெரிய எழுத்தில் இருந்தன.

"சரி, என்னைத் திட்டுங்க," என்றார் மாஸ்டர். "நான் மோசமான ஆளு."

"இல்லையே. நல்லாத்தானே சொல்லித் தந்தீங்க."

"நர்ஸுங்கல்லாம் சோம்பேறிங்க. ஊசி போடத் தெரியாது. ராத்திரியெல்லாம் குறட்டை." சொல்லும்போதே மாஸ்டருக்கு நாக்கு குழறியது. "மன்னிச்சுக்குங்க, சும்மா சொன்னேன்."

"உங்களுக்கு நடிக்க வரல மாஸ்டர்."

கடைசியில் மாஸ்டரே ஓட்டிக்கொண்டு டெஸ்ட் நடக்கும் இடத்துக்குப் போனார். வழியெல்லாம் பிசியோதெரபிக்காரன் சாவியை விரலில் சுற்றுவது மட்டும் நர்ஸின் கண்முன் வந்து வந்து போனது.

டெஸ்ட் எடுக்கும் இன்ஸ்பெக்டருக்கு எல்லாப் பள்ளிகளும் சேர்ந்து வைத்திருந்த பெயர் 'சிலை'. வாயால் பேச மாட்டார். பேனாவால் காட்டுவார்: வலது, இடது, நிறுத்து, எடு. வண்டி ஒரு முறை அணைந்தால் மன்னிப்பு. இரண்டாவது முறை அணைந்தால் பேனாவை மூடிவிடுவார். மாஸ்டர் பின் இருக்கையில் உட்காரலாம். ஆனால் வாயைத் திறந்தாலோ, கண்ஜாடை காட்டினாலோ டெஸ்ட் ரத்து.

கேட்டைத் தாண்டும்போதே ஒரு மன்னிப்பு தீர்ந்துவிட்டது. சிலை காகிதத்தில் ஏதோ குறித்தார். பின்னால் மாஸ்டர் பெருமூச்சு விடப் போனவர், அதுவும் பேச்சில் சேருமோ என்று பயந்து பாதியில் நிறுத்திக்கொண்டார்.

நர்ஸ் முதல் கியரிலேயே ஊர்ந்தாள். ஒரு சைக்கிள்காரர் பாட்டுப் பாடிக்கொண்டே அவர்களைத் தாண்டிப் போனார். இரண்டாவது கியருக்கு வெளிநாட்டுப் பயணத்தை நினைத்துப் பார்த்தாள். மாமியார்கூட இன்றைக்குச் சப்பென்று இருந்தார். பேனா பாலத்தைக் காட்டியது. நடுமேட்டில், நிறுத்து என்று காட்டியது. நிறுத்தினாள். கை பிரேக்கை இழுத்தாள். பின்னால் செங்கல் ஏற்றிய லாரி ஒன்று வந்து ஒட்டி நின்று ஹாரன் அடித்தது.

எடு, என்றது பேனா.

கிளட்ச்சை மிதித்தாள். கண் கீழே போகப் பார்த்தது. அதைப் பிடித்து நிறுத்த அவள் வேண்டுமென்றே தலையை உயர்த்தினாள். பாலத்தின் உச்சியில் கான்ட்ராக்டரின் போர்டு தெரிந்தது. ஏணி போட்டு இரண்டு பேர் அதன்மேல் புதுப்படம் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். வக்கீலைக் கீழிருந்து மேலாக ஒட்டி, கழுத்துவரை வந்திருந்தார்கள். தலை இருந்த தாள் சுருட்டியபடி ஒருவரின் அக்குளில் இருந்தது. தலையில்லாத வக்கீலின் தோளில் கான்ட்ராக்டரின் கை கிடந்தது.

"அந்தக் கையை எனக்குத் தெரியும்," என்றாள் நர்ஸ்.

சிலை திரும்பிப் பார்த்தார்.

"மீன்தொட்டிக்காரன் தோள்ல இருந்த அதே கை. மோதிரம்கூட மாறல." அவள் குரல் ஏறியது. "ஏன், ஜாமீன் வாங்கிக் கொடுத்தது யாரு? அதைக் கேளுங்க. ஒருத்தர் கை போட்டார், ஒருத்தர் கதவைத் திறந்துவிட்டார். நடுவுல அவன் ஓடிட்டான். இப்ப அவன் நின்ன இடத்துல இவர் நிக்கறார். இடம் காலியா இருக்கக் கூடாதில்ல!"

இஞ்சின் உறுமல் மாறியது. கை பிரேக் எப்போது இறங்கியது என்று அவளுக்குத் தெரியாது. வண்டி ஓர் அங்குலமும் பின்னால் போகாமல் மேட்டில் ஏறியது.

"சாக்கடை பாக்கப் போனாரே, மாமியாரோட! சொந்தச் செலவுன்னு நானே சொன்னேன் சார், வெக்கமில்லாம. டிக்கெட்டை நான் பாத்தேனா?" இரண்டாவது கியர். "மைத்துனர் புல் வளர்த்தாரே, அந்தப் புல்லை யாராவது பாத்திருக்கீங்களா? மாடுகூடப் பாத்ததில்ல." வளைவு, வெண்ணெய் வெட்டியதுபோல். "இந்தப் பக்கம் இவரு. எத்தனை கட்சி! ஒவ்வொண்ணுலயும் கொள்கைக்காகச் சேர்ந்தார், கொள்கைக்காக விலகினார். அவ்வளவு கொள்கை ஒரு மனுஷனுக்கு எதுக்கு?"

பேசிக்கொண்டே போகையில் அவளுக்கே ஒரு விஷயம் விளங்கிற்று. பாதி வசனம் அவளுடையது, பாதி மாஸ்டருடையது. மாஸ்டரின் பக்கத்தை அவரைவிட அவள் நன்றாகப் பேசினாள். இத்தனை நாளும் காதில் விழாததுபோல் தட்டிக்கழித்ததெல்லாம் உள்ளே போய் ஒழுங்காகத்தான் அடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

கண்ணாடியில் மாஸ்டர் தெரிந்தார். வாய்க்குள் கைக்குட்டையைப் பாதிவரை திணித்திருந்தார். கான்ட்ராக்டரின் பெயர் வரும்போதெல்லாம் அவர் கால் பின் இருக்கையின் தரையை ஓங்கி மிதித்தது. அங்கே பிரேக் இல்லாததால் வண்டி பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"பாலம்! அதைச் சொல்லாம விட்டா எப்படி? கட்டி, ரிப்பன் வெட்டி, ஒரே வாரத்துல மூடினாரே!"

கைக்குட்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. மாஸ்டரின் இரண்டு கையும் மேலே எழுந்து, விரல் பத்தும் விரிந்தன. சிலை கண்ணாடி வழியாக அதைப் பார்த்தார். மாஸ்டர் அந்தப் பத்து விரலையும் அப்படியே தன் தலைக்குக் கொண்டுபோய் முடியைக் கோதிக்கொண்டார். அவருக்கு அங்கே முடி அதிகம் கிடையாது.

வண்டி புறப்பட்ட இடத்துக்கே வந்து, இரண்டு கம்பங்களுக்கு நடுவில் ரிவர்ஸில் போய், கோட்டுக்குள் அழகாக நின்றது. நர்ஸுக்கு மூச்சு வாங்கியது. நிறுத்திய பிறகுதான் பயம் வந்தது. அரசாங்க அதிகாரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இவ்வளவு பேசியிருக்கிறோம். அவர் யார் கட்சியோ. பேனாவை மூடினால் போயிற்று. கார், பகல் வேலை, எல்லாம் போயிற்று.

சிலை கடைசி வரி வரை எழுதினார். கையெழுத்துப் போட்டார். அப்புறம், அந்த ஊரில் யாரும் எதிர்பார்க்காத வகையில், தொண்டையைச் செருமினார்.

"ஒரு வாரமும் இல்ல, பத்து நாளும் இல்ல," என்றார்.

"சார்?"

"பாலம். முதல் தடவை அது திறக்கவே இல்ல. இந்தப் பக்கம் ரிப்பன் வெட்டினாங்க. அந்தப் பக்கம் இறங்கறதுக்கு ரோடே போடல, மண்மேடுதான் இருந்தது. கைதட்டு முடிஞ்சதும் முதல் வண்டியா நான்தான் ஏறினேன். உச்சி வரைக்கும் போய்ப் பாத்துட்டு, அவ்வளவு மேட்டையும் ரிவர்ஸ்லயே இறங்கினேன்." அதற்கு மேல் சொல்ல வேண்டுமா என்று யோசித்தார். "நல்லாவே இறங்கினேன்," என்று சேர்த்துக்கொண்டார்.

காகிதத்தைக் கிழித்து அவள் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். அதில் தேர்ச்சி என்று இருந்தது.

மாஸ்டர் கைக்குட்டையை வாயிலிருந்து எடுத்து உதறி, கழுத்தில் போட்டுக்கொண்டு முன் இருக்கைக்கு வந்தார். காகிதத்தை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாழ்த்துச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். வேறு ஏதோ வந்தது.

"சிஸ்டர், பத்து நாள் அந்தப் பாலத்துல போனதா எனக்கு நல்லா ஞாபகம் இருக்கே?"

"எனக்கும் ஏழாவது நாள் மூடினதைப் பாத்த ஞாபகம் இருக்கு."

"அப்ப நாம பாத்தது எதை?"

நர்ஸ் யோசித்தாள். "எங்க கட்சிப் பேப்பரை நான் பாத்தேன். உங்க பேப்பரை நீங்க பாத்தீங்க."

"ஆமா," என்றார் மாஸ்டர். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இந்தச் சிலை எங்க ஆளா, உங்க ஆளா? பேச்சுல ஒண்ணும் பிடிபடலயே."

"இப்பதான் ரெண்டும் ஒரே ஆளாச்சே மாஸ்டர்."

"அதுவும் சரிதான்." காகிதத்தை அவளிடம் திருப்பிக் கொடுத்தார். "ஆனா சிஸ்டர், ஒண்ணு சொல்லணும். வக்கீல் அப்படியொண்ணும் மோசமான ஆளில்ல. மாமியாரைக் கூட்டிட்டுப் போறது ஒரு பெரிய மனசுதான்."

நர்ஸ் சாவியைத் திருப்பினாள். வண்டி சத்தமில்லாமல் கிளம்பியது. "அப்ப சாக்கடை என்ன ஆச்சுன்னு சொல்லுங்க," என்றாள்.

அடுத்த வாரம், தேர்தல் முடிவு வந்த மறுநாள் காலையில், மருத்துவமனையின் வெள்ளைக் கார் நர்ஸின் வீட்டு வாசலில் நின்றது. ஜெயித்தது யார் என்று சொல்லத் தேவையில்லை. ஓட்டை எப்படிப் போட்டாலும் கான்ட்ராக்டர்தான். ராத்திரி முழுக்கத் தூங்கி எழுந்த முகத்தோடு அவள் காரில் ஏறினாள். பக்கத்து இருக்கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியும் மருந்துப் பையும் இருந்தன. மகள் சீருடையோடு மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் கையில் பல்துலக்கியோடு வந்து நின்றார்.

சாவியைத் திருப்பினாள். கார் ஒரு துள்ளு துள்ளி அணைந்தது.

வீட்டுக்காரர் பல் துலக்குவதை நிறுத்தினார். அது இன்னும் மோசமாக இருந்தது. மறுபடி திருப்பினாள். கண் கீழே போகப் பார்த்தது. எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது.

நர்ஸ் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பக்கத்து இருக்கையிலிருந்த மருந்துப் பையைப் பார்த்தாள். பை பருத்து, கழுத்தில் துணி சுற்றி, மாஸ்டர் மாதிரியேதான் இருந்தது.

"அப்புறம் மாஸ்டர்," என்றாள் பையிடம், "உங்க ஆளு... சரி, நம்ம ஆளுங்க ரெண்டு பேரும்... பதவியேத்த கையோட முதல் வேலையா எங்க போறாங்களாம், கேட்டீங்களா? சாக்கடை பாக்க! வெளிநாட்டுக்கு! ரெண்டு மாமியாரையும் கூட்டிக்கிட்டா?"

கார் வெண்ணெயாக நகர்ந்தது. தெருமுனைக்குள் இரண்டாவது கியர் விழுந்துவிட்டது.

"அம்மா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. அது தன் மகளின் குரல் என்று தெரிய நர்ஸுக்குச் சற்று நேரம் பிடித்தது. அவ்வளவு உரக்க அவள் அதைக் கேட்டதே இல்லை. "அம்மா! யார்கூடம்மா சண்டை போடறே?"

தெரு முழுக்கக் கேட்டது. எதிர்வீட்டில் இன்னொரு ஜன்னலும் திறந்தது. நர்ஸ் ஹாரனை நீளமாக ஒரு முறை அடித்துவிட்டு, கீழே பார்க்காமல், மூன்றாவது கியரைப் போட்டாள்.